பூட்டு அரசியல் சட்டத்தில் இல்லை

கேள்வி: தேர்தலில் பணத்தின் ஆட்டத்தை அடக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று அமெரிக்காவில் பலர் கோருகிறார்களே, நாமும் அப்படிச் செய்தால் என்ன? – ஒரு வாசகர், பெரம்பூர்.

பதில்: தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

அவர்களுக்கு வேறு வழியில்லை. தேர்தல் செலவுக்கு வரம்பு கட்டுவது பேச்சுரிமைக்கு விரோதம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1976-இலேயே சொல்லிவிட்டது. கட்சியிடமோ வேட்பாளரிடமோ கொடுக்காமல் தனியாகச் செய்யும் பிரசாரத்துக்குக் கம்பெனிகளும் இஷ்டம்போல் செலவழிக்கலாம் என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். அதைத் தாண்டத்தான் திருத்தம் கேட்கிறார்கள். 2014-இல் செனட்டில் 54 பேர் ஆதரித்தும், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும் என்பதால் தீர்மானம் அங்கேயே படுத்துவிட்டது. தேறியிருந்தாலும் 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும்.

இங்கே வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. 2022-இல் நிர்ணயித்தபடி, தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். ஆனால் வேட்பாளருக்கு மட்டும், கட்சிக்குக் கிடையாது! தெருமுனைக் கூட்டத்தில் கொடுக்கும் டீ, நாற்காலி வாடகை, மைக்செட் எல்லாம் தேர்தல் அதிகாரியின் விலைப்பட்டியல்படி வேட்பாளர் கணக்கில் ஏறும். தலைவர் பேசும் பிரம்மாண்டக் கூட்டம் கட்சிக் கணக்கு. வேட்பாளர் அந்த மேடையில் ஏறினால் செலவில் பங்கு அவர் தலையில் விழும். அதனால்தான் ஓட்டுக் கேட்க வேண்டியவரே மேடையேறாமல் ஒதுங்கி நிற்கும் விநோதம். (வீட்டு வாசலில் கைமாறும் பணம் எந்தக் கணக்கிலும் வராது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலே அதனால் ரத்தானது.)

கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதமே அவசரச் சட்டம் போட்டு, கட்சிச் செலவுக்கு விலக்குக் கொடுத்து, அதைச் செல்லாக்காசாக்கினார்கள். அந்த விலக்கை 2003-இல் சுருக்கினார்கள்; கட்சிக்கு வரம்பு மட்டும் வரவில்லை.

அரசியல் சட்டம் நம்மைக் கைவிடவும் இல்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, வாக்காளருக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு என்று சொல்லி 2024 பிப்ரவரி 15-இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தது கருத்துரிமைப் பிரிவை வைத்துத்தான். அமெரிக்காவில் பணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதும் கருத்துரிமைதான்!

கட்சிச் செலவுக்கு வரம்பு கட்ட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் திருத்தம் போதும். நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை. 1974-க்குப் பிறகு வந்த ஆட்சிகளில் அதுகூட இல்லாதவை எத்தனை, எண்ணிப் பாருங்கள்.