மாமியாரின் கட்டிலும் மாலைக் கூட்டங்களும்

கேள்வி: பக்கவாதத்தால் படுத்துவிட்ட மாமியாரைக் கவனிப்பதிலேயே என் நாள் போய்விடுகிறது. கணவர் எங்கள் சபையின் நிர்வாகக் குழுவான பாஸ்டரேட் கமிட்டியிலும் பாடகர் குழுவிலும் இருப்பதால் பொறுப்பு முழுவதும் என்மேல்தான். வேதவாசிப்பு, பெண்கள் ஐக்கியச் சங்கம் எல்லாம் நின்றுபோயின. இந்தத் தடையை மீறி ஆண்டவருக்கு முதலிடம் கொடுப்பது எப்படி?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: சகோதரி, "தடை" என்று நீங்கள் எழுதியதைத் தாண்டி என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த அம்மாளைப் புரட்டிப் படுக்கவைத்து, குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, படுக்கைப் புண் வராமல் காக்கிற நீங்கள் ஆண்டவரை இரண்டாமிடத்தில் வைத்துவிட்டதாக உங்களுக்குச் சொன்னவர் யார்?

பிற்காலத்தில் மருத்துவ மிஷனெரியான ஐடா ஸ்கடர் 1890இல் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தது நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத்தான். மிஷனெரியாகும் எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. அங்கே இருந்த நாட்களில்தான், ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரை ஏற்க அவர்கள் மறுத்துவிட, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணியே இன்றைய சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தாய்க்குப் பணிவிடை செய்ய வந்த இடத்தில்தான் அவருக்கு அழைப்பு வந்தது.

முன்னுரிமைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர் உங்கள் கணவர். மாற்கு 7ஆம் அதிகாரத்தை அவர் இன்றிரவே வாசிக்கட்டும். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் அவர்களைக் கைவிட இடங்கொடுத்த மதத் தலைவர்களை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். பெற்ற மகனுக்குரிய கடமையை மருமகளின் தலையில் கட்டிவிட்டுக் கமிட்டிக்குக் கொடுக்கிற மாலை நேரமும் அதே கொர்பான்தான். கமிட்டிக் கூட்டங்களையும் சபைத் தேர்தலுக்கு ஆதரவு திரட்டுவதையும் ஊழியக் கணக்கில் எழுதாதீர்கள் என்று இப்பக்கத்தில் பலமுறை எழுதிப் பலருடைய கோபத்துக்கு ஆளாகியிருக்கிறேன், இப்போதும் எழுதுகிறேன்.

வாரத்தில் இரண்டு மாலையாவது அவர் தாயின் அருகில் இருக்கட்டும். நீங்கள் சங்கத்துக்குப் போய் வாருங்கள். வேதவாசிப்புக்குத் தனிநேரம் கிடைக்காத நாட்களில், மாமியாருக்குக் கஞ்சி கொடுத்த பின் ஒரு சங்கீதத்தை அவர் காதில் விழும்படி வாசியுங்கள். புரட்டிப் படுக்கவைக்கும் முறையை இந்த வாரமே கணவருக்குக் கற்றுக்கொடுங்கள்.