தட்டில் பல நிறம் வேண்டும் என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

"பல நிறக் காய்கறி, பழம் சாப்பிட்டால்தான் சத்து என்கிறார்கள். அதற்காக ப்ரோக்கோலி, அவகேடோ எல்லாம் வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். உழவர் சந்தைக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் மகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "நேற்று என்னென்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டார். காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் டப்பாவில் தயிர் சாதம், உருளைக்கிழங்கு. ராத்திரி தோசை. சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்துவிட்டது. நாள் முழுக்க வெள்ளை. வயிறு நிறைந்திருக்கிறது, பிள்ளைக்குச் சத்துப் போய்ச் சேரவில்லை.

வெள்ளை கெட்டது என்று சொல்லவில்லை. பூண்டு, முள்ளங்கி, காளான் எல்லாம் நல்லவைதான். ஆனால் காய்க்கு நிறம் தருகிற பொருள்களில் பல நம் உடம்புக்கும் வேண்டியவை. பரங்கிக்காய், கேரட், பப்பாளிக்கு மஞ்சளும் ஆரஞ்சும் தருகிற பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அதே பொருள் முருங்கைக்கீரையிலும் நிறைய இருக்கிறது. இலையின் பச்சை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் அது உடம்பில் நன்றாகச் சேரும். அதனால் தேங்காய் அரைத்துவிட்டுத் தாளித்த பரங்கிக்காய்க் கூட்டை இப்போது நான் இன்னும் மதிப்போடு பார்க்கிறேன். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீனும் அப்படித்தான். பச்சையாகக் கடிப்பதைவிட எண்ணெயில் வதக்கிய தொக்கில் நன்றாகக் கிடைக்கும்.

கறுப்புக் கவுனி அரிசி சமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் கழுவிவிட்டு ஊறவையுங்கள். ஊறிய தண்ணீர் ஊதாவாக மாறியிருக்கும். அதைக் கீழே கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். அந்த ஊதா நிறத்தைத் தருகிற ஆந்தோசயனின் என்ற பொருள் தண்ணீரில் கரையக்கூடியது. நாவல்பழத்தின் நிறமும் இதே வகைதான்.

எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. தயிர் சாதத்தில் துருவிய கேரட்டும் மாதுளையும் சேர்ந்தன. வாரம் மூன்று நாள் கீரை. கீரை நாளில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கட்டாயம் உண்டு, ஏனென்றால் வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை விட்டோம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். நாங்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. இப்போது பெரும்பாலும் எட்டிவிடுகிறோம். மகளுக்கு மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து ஆறு மாதத்தில் 12 தாண்டியது.

அப்புறம், கேசரிப் பவுடரின் நிறம் இந்தக் கணக்கில் வராது, அது செயற்கைச் சாயம். பஞ்சுமிட்டாயில் உணவில் சேர்க்கக் கூடாத ரோடமின் பி என்ற சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடையே போட்டது.

பீட்ரூட் சாப்பிட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். என் மகள் முதல் தடவை பயந்து அழுதுவிட்டாள். அது பீட்ரூட்டின் நிறம்தான், ஒன்றும் செய்யாது. பீட்ரூட் சாப்பிடாமலே அப்படிப் போனால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்கள்.