கல்லீரல் புற்றுநோய் அறுவைக்கு முன் ஏன் இத்தனை மருத்துவர்கள் கூடிப் பேசுகிறார்கள்?

அறுவை மருத்துவர், கல்லீரல் மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், ஸ்கேன் பார்க்கும் நிபுணர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் சிகிச்சையை முடிவுசெய்வதே பல்துறைக் குழு.

வெட்டுவதைவிட மிச்சம் வைப்பதுதான் சிக்கல். நல்ல கல்லீரலில் சுமார் 20 முதல் 30 விழுக்காடு மீந்தால் போதும்; ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமியாலோ கொழுப்பாலோ தழும்பேறியதற்கு ஏறக்குறைய 40 வேண்டும். குறைந்தால் மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், மனக்குழப்பம் எனக் கல்லீரலே செயலிழக்கலாம். அதனால், அளவு போதாதவர்களுக்குக் கட்டி இருக்கும் பக்கத்தின் ரத்தநாளத்தை முதலில் அடைத்து, மறுபக்கம் வளரப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் காத்திருப்பார்கள். அந்த வாரங்களில் உணவியல் நிபுணரின் பங்கு பெரிது. நீங்கள் சைவமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; புரதக் கணக்கே மாறும்.

இது வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் சுவர் இடிப்பதைப் போலத்தான். எது பாரம் தாங்கும் சுவர் என்று தெரியாமல் வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளர் சுத்தியலைத் தூக்கக்கூடாது.

குழுவுக்கு அனுப்பினாலே நோய் முற்றிவிட்டது என்று பலர் கலங்குகிறார்கள். அப்படியில்லை, சிறிய ஆரம்பக் கட்டிக்கும் இதே கூட்டம்தான்.