முதலை கடித்த காலா, அறுத்த காலா?

கேள்வி: போர்னியோ குகை ஒன்றில் 31,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவரின் காலை அறுத்து எடுத்துப் பிழைக்க வைத்தார்களாம். இரும்பு கிடையாது, மயக்க மருந்து கிடையாது. முதலை கடித்திருக்கும், இல்லை பாறை விழுந்திருக்கும். அதைப் போய் அறுவை சிகிச்சை என்கிறார்கள், நீங்களும் அச்சடிக்கிறீர்கள். எலும்பு வாய் திறந்து சொன்னதா?
- வாசகர், தேனி

பதில்: வாய் திறக்கவில்லைதான். ஆனால் முதலை கடித்தால் எலும்பில் பற்குழி விழும், முனை சிம்பு சிம்பாகப் பிளக்கும். பாறை விழுந்தால் நொறுங்கும். போர்னியோ தீவில் இந்தோனேசியாவுக்குரிய கிழக்குக் கலிமந்தானின் லியாங் டெபோ குகையில் 2020இல் தோண்டியெடுத்த எலும்புக்கூட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இடது முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் சாய்வாக, சீராக வெட்டுப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழே பாதம் இல்லை. வலது பாதம் பத்திரமாக இருந்ததால், செத்த பிறகு ஏதோ பிராணி இழுத்துப்போனது என்ற சமாதானமும் எடுபடாது.

வெட்டுமுனையைக் கவனியுங்கள். அதன்மேல் புது எலும்பு வளர்ந்து வழவழப்பாக மூடியிருக்கிறது. எலும்பில் சீழ் வைத்திருந்தால் அது வடிந்த ஓட்டைகளும் சொரசொரப்பான வளர்ச்சியும் இருக்கும்; அவையும் இல்லை. அந்தக் காலின் எலும்புகள் மட்டும் ஒரு சிறுபிள்ளையின் அளவிலேயே மெலிந்து நின்றுவிட்டன, எடை தாங்காததால். ஆக, வெட்டியது சிறுவயதில். இறந்தது 19, 20 வயதில். நடுவே 6 முதல் 9 ஆண்டுகள் உயிர்வாழ்ந்ததாக 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. தண்டனையாக வெட்டியிருக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். தண்டித்தவரை இத்தனை ஆண்டு காப்பாற்றி, கல் அடையாளம் வைத்து, செங்காவியோடு முறையாகப் புதைப்பார்களா?

இதில் வெட்டுவது பாதி வேலைதான். அந்த இடத்தில் ஓடும் தமனிகளை இறுக்கிக் கட்டியோ அழுத்தியோ அடைக்காவிட்டால் ஆள் சில நிமிடங்களில் போய்விடுவார். தசையும் தோலும் எலும்பு முனையை மூடும் அளவுக்கு மிச்சம் விடவேண்டும். இல்லையென்றால் எலும்பு துருத்தி, காய்ந்து, அழுகும். அதன் பிறகு வாரக்கணக்கில் புண்ணைக் கழுவ வேண்டும், ஈ மொய்க்காமல் பார்க்க வேண்டும், சோறு தண்ணீர் கொடுக்க வேண்டும். ஈரம் சொட்டும் வெப்பமண்டலக் காட்டில்! பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கிருமி கொல்லும் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்துவதற்கு முன், 1864-66இல் அவர் கையாண்ட 35 உறுப்பு நீக்கங்களில் 16 பேர் இறந்தார்கள். அமிலம் வந்தபின் 40 பேரில் 6 பேர்தான். போர்னியோவில் பிழைத்தது ஒருவர். அந்த ஒருவரை வைத்து அங்கே ஆஸ்பத்திரியே நடந்தது என்று நாமும் எழுதவில்லை.

இரும்பு இல்லையே என்கிறீர்கள். சதையை அறுக்க உடைத்த கல்லின் விளிம்பே போதும். எலும்பில்தான் அது சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி புதுச்சில்லு எடுக்க வேண்டும். பாகிஸ்தானில் உள்ள பலுசிஸ்தானின் மெஹர்காரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன், 9 பேரின் 11 கடைவாய்ப்பற்களில் கல்முனைத் துரப்பணத்தால் துளையிட்டிருக்கிறார்கள். வில்லால் சுழற்றும் அதே மாதிரிக் கருவியைச் செய்து பார்த்தபோது, பல்லின் எனாமலில் துளை விழ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துளை விளிம்புகள் மென்று மென்று தேய்ந்திருக்கின்றன. துளையிட்ட பிறகும் அந்தப் பல்லால் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பழங்கால மண்டையோடுகளில் மனிதர் போட்ட ஓட்டைகளுக்கும் இதே சோதனைதான். விளிம்பு கூராக, உள்ளே பஞ்சுபோன்ற எலும்புத் துளைகள் திறந்தபடி இருந்தால் ஆள் பிழைக்கவில்லை, அல்லது செத்தபின் துளையிட்டது. விளிம்பு உருண்டு மூடியிருந்தால் பிழைத்தார். பிரான்சின் என்சிஸ்ஹைமில் கிடைத்த, ஏறத்தாழ 7,000 ஆண்டு பழைய மண்டையோட்டில் இரண்டு ஓட்டைகள், இரண்டும் ஆறியவை. பேயை விரட்டவா, அடிபட்டதற்கா என்பதை மட்டும் விளிம்பு சொல்லாது.

உங்கள் சந்தேகத்துக்கு வேலை இல்லாமல் இல்லை. தவறான இடத்தில் செலவழிக்கிறீர்கள். ஈராக்கின் ஷனிடார் குகையில் அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் ஒருவரைப் பூக்களோடு, அதுவும் மூலிகைப் பூக்களோடு, புதைத்தார்கள் என்ற பிரபலமான கதை மண்ணில் கிடைத்த மகரந்தத்தை வைத்துக் கட்டியது. அந்த மகரந்தத்தை வளை தோண்டும் எலிகளோ மண்ணில் கூடு கட்டும் தேனீக்களோ கொண்டுவந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். ஸ்பெயினின் எல் சித்ரோனில் நியாண்டர்தால் பற்காறையில் (பல்லில் படிந்து இறுகிய அழுக்கில்) கெமோமில் போன்ற கசப்புச் செடிகளின் தடயம் கிடைத்ததும் 'மருந்து' என்றார்கள். வேட்டையாடிய விலங்கின் இரைப்பையில் கிடந்த செடியைத் தின்றபோதும் அது பல்லில் ஒட்டும் என்று மறுத்தவர்கள் உண்டு. அடுத்த கடிதத்தில் இவற்றைக் கேளுங்கள். தகராறு இல்லாமல் ஒத்துக்கொள்கிறோம்.