எலும்பு தெரியும் தலைக்காயம்: மண்டையில் ஓட்டை போடுவதா, தொடைச் சதையை வைப்பதா?

கேள்வி: என் மனைவிக்கு 31 வயது. மூன்று வாரத்துக்கு முன் மாவு மில் பெல்ட்டில் பின்னல் சிக்கி, வலது புருவத்துக்கு மேலிருந்து உச்சி வரை தோல் பிய்ந்துவிட்டது. பிய்ந்த தோலை ஐஸ் கட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினோம். ஒட்ட முடியாது என்றுவிட்டார்கள். இப்போது நடுவில் உள்ளங்கை அளவுக்கு எலும்பு தெரிகிறது. ஒரு டாக்டர் எலும்பில் ஓட்டை போட்டு, சதை வளர்ந்த பிறகு தோல் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் தொடையிலிருந்து சதை எடுத்து ரத்தக்குழாயோடு இணைக்க வேண்டும், பத்து மணி நேரம் ஆகும் என்கிறார். பேசாமல் தொடைத் தோலை எடுத்து மூடிவிட்டால் போதாதா? முடி திரும்ப வருமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: முதலில் அந்த ஐஸ் விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதுதான் உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. பிய்ந்த தோலை நேராக ஐஸில் போடக்கூடாது, உறைந்துபோனால் திசு செத்துவிடும். சுத்தமான துணியை நனைத்துச் சுற்றி, பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஆனால் நீங்கள் அப்படிக் கொண்டுபோயிருந்தாலும் ஒட்டியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. தலைத்தோலை மறுபடி இணைத்து உயிர் கொடுக்க முடியும் என்பது 1976லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது, ஒரே ஒரு தமனியும் ஒரு சிரையும் ஓடினால்கூட முழுத் தலைத்தோலும் பிழைத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் பெல்ட் இழுக்கும்போது குழாய் வெட்டுப்படுவதில்லை, நூல் மாதிரி நீண்டு உள்ளே நைந்து அறுகிறது, அதில் தையல் போட நல்ல முனையே கிடைக்காது. அதனால் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

சரி, இப்போது எலும்பு. தலைத்தோலில் ஐந்து அடுக்கு உண்டு, அதில் நாலாவது பஞ்சு மாதிரி தளர்வானது. முடியைப் பிடித்து இழுத்தால் அந்த இடத்தில்தான் பிய்யும். அதற்கும் கீழே எலும்பைப் போர்த்தியபடி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கெல்லாம் பதில் அந்தச் சவ்வில்தான் இருக்கிறது. சவ்வு மிஞ்சியிருந்தால் தொடைத் தோலைச் சீவி வைத்தாலே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அப்படி வைக்கிற தோலுக்குச் சொந்தமாக ரத்தம் கிடையாது, முதல் சில நாள் அடியிலிருந்து கசியும் நீரைக் குடித்துத்தான் உயிரோடிருக்கிறது, அப்புறம்தான் கீழேயிருந்து குழாய்கள் ஏறி வருகின்றன. சவ்வும் போன எலும்பின் மேல் வைத்தால், பாறை மேல் நாற்று நட்டது போல. ஐந்தாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது கறுத்துப்போய்க் கையோடு வரும். "தோல் வைத்தால் போதாதா" என்பதற்கு இதுதான் பதில்: ஓரத்தில் சிவப்பாகச் சதை இருக்கும் இடத்துக்குப் போதும், நடுவில் வெள்ளையாகத் தெரிகிற எலும்புக்குப் போதாது.

ஓட்டை போடுவது என்றதும் பயந்திருப்பீர்கள். அது முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய வித்தை. பிரான்சின் பெலோஸ்த் என்ற அறுவை மருத்துவர் 1696லேயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் டென்னசி எல்லைப்புறத்தில் சண்டையில் தலைத்தோல் உரிக்கப்பட்டுப் பிழைத்தவர்களுக்கு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் (இவர் டாக்டரே கிடையாது) செருப்பு தைக்கிற குத்தூசியால் ஓட்டில் நெருக்க நெருக்கமாகத் துளை போட்டு ஆற்றியிருக்கிறார். 1777ல் ஒரு மருத்துவரிடம் கற்றுக்கொண்டதை 1806ல் கட்டுரையாகவும் எழுதினார். மண்டையோடு இரண்டு தட்டுகளாக, நடுவில் ரத்தமுள்ள பஞ்செலும்போடு இருக்கிறது. மேல்தட்டை மட்டும் துளைத்தால் அங்கிருந்து சிவப்புச் சதை துளிர்த்து வரும், மூளைப் பக்கம் போவதே இல்லை. இன்று டிரில்லில் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் துளிர்கள் ஒன்றோடொன்று சேர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை எலும்பு காயாமல் ஈரக் கட்டு தேவை, கடைசியில் கிடைக்கிற தோலும் எலும்போடு ஒட்டிய காகிதம் மாதிரி மெல்லியது. கதவு நிலையில் லேசாக இடித்தாலே புண்ணாகும். வருஷக்கணக்கில் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறிக் கிடக்கும் தழும்பில் புற்றுநோய் வரக்கூடும் என்பதையும் மறைக்கக்கூடாது.

உங்கள் மனைவிக்கு 31 வயது. இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் அந்தத் தலையோடு வாழவேண்டியவர். அதனால் என் சாய்வு இரண்டாவது டாக்டர் பக்கம். சர்க்கரை, இதய நோய் உள்ள எழுபது வயதுக்காரர் என்றால் ஓட்டை போடுவதைத்தான் சொல்லியிருப்பேன். தொடையின் வெளிப்பக்கத்திலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை அதன் குழாயோடு எடுத்து, காதுக்கு முன்னால் துடிக்கிறதே, விரல் வைத்துப் பாருங்கள், அந்தத் தமனியில் மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். தைக்கிற குழாய் இரண்டு மில்லிமீட்டர் கனம் இருந்தாலே அதிர்ஷ்டம். பழக்கமான கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிழைத்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து அந்தச் சதையை அழுத்திப் பார்ப்பார், பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து "உஷ் உஷ்" என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்பார். நீலம் பாரித்தால் நடுராத்திரியானாலும் மறுபடி தியேட்டர்தான். அப்படி ஓடிவர ஆள் இருக்கிற இடமா என்பதைத்தான் ஆஸ்பத்திரி பற்றி நீங்கள் விசாரிக்க வேண்டும், ஏசி ரூமை அல்ல.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, இருவரும் அதைச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பின்தலையில் நல்ல தோல் மிச்சம் இருந்தால் அதையே முடியோடு கிளப்பி, சுற்றிக் கொண்டுவந்து எலும்பை மூடிவிட்டு, காலியான பின்பக்கத்தில் (அங்கே சவ்வு பத்திரமாக இருக்கும்) தொடைத் தோலை வைக்கலாம். தலைத்தோல் வயிற்றுத் தோல் மாதிரி இழுபடாது என்பதால் உள்ளங்கை அளவுக்கு எட்டுமா என்பது நேரில் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கேட்டுப் பாருங்கள்.

முடி: தொடைத் தோலிலும் தொடைச் சதையிலும் தலைமுடி வராது. ஆனால் எல்லாம் ஆறி ஆறு மாதமோ ஒரு வருஷமோ போன பிறகு, முடியுள்ள தோலுக்கு அடியில் சிலிக்கோன் பலூன் வைத்து வாரா வாரம் உப்புத் தண்ணீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை விரியவைத்து வழுக்கையை மூட முடியும். தலையில் பாதித் தேங்காயைக் கவிழ்த்தது போல இருக்கும், வெளியே போக வெட்கப்படுவார். தலைத்தோல் இரண்டு மடங்கு விரிந்தால்கூட முடி அடர்த்தி குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பலூனை இப்போதே, புண்ணோடு வைக்கச் சொல்லி யாரையும் அவசரப்படுத்தாதீர்கள், சீழ் பிடித்தால் எல்லாம் வீண்.

நெற்றிக்கு வேறு கணக்கு. அங்கே மெல்லிய தோல் வைத்தால் சுருங்கும், சுருங்கும்போது புருவத்தை மேலே இழுக்கும், ரொம்ப இழுத்தால் தூங்கும்போது கண் மூடாது. அதனால் நெற்றிக்குக் கனமான தோலாக, ஒரே துண்டாக வைக்கச் சொல்லுங்கள். தூங்கும்போது வலது கண் முழுக்க மூடுகிறதா என்று இன்றிரவே டார்ச் அடித்துப் பாருங்கள், திறந்திருந்தால் காலையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் நெற்றி முதல் உச்சி வரை மரத்துப்போயும் இருக்கும், வெயிலில் சுட்டாலும் தெரியாது, ஆறின பிறகு முக்காடோ தொப்பியோ இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள்.

ரத்தம் நிறையப் போயிருக்கும், ஹீமோகுளோபின் பார்த்தாயிற்றா? தினம் இரண்டு முட்டை கொடுங்கள். பச்சிலை எண்ணெய், மஞ்சள் எதையும் எலும்பின் மேல் போடவேண்டாம். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு, சென்னை ஸ்டான்லி போல பிளாஸ்டிக் சர்ஜரித் துறையுள்ள ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே. எலும்பு இப்போது வெள்ளையாக ஈரமாக இருக்கிறதா, மஞ்சளித்து வறண்டுவிட்டதா என்று அடுத்த டிரெஸ்ஸிங்கின்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். வறண்டிருந்தால் மேல்தட்டைச் சீவிவிட்டுத்தான் எதையும் வைக்க முடியும், அதற்கேற்ப நான் சொன்னதும் மாறும்.