மகன் எழுதும் ராப் வரிகள் கோர்ட் வரை போகுமா?

கேள்வி: நாங்கள் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறான். நான்கு நண்பர்களோடு சேர்ந்து குழுவுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு ராப் எழுதி, பாடி, வீடியோ போடுகிறான். வரிகளில் துப்பாக்கி, பணம், போலீஸ் எல்லாம் வருகிறது. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. அட்லாண்டா ராப் பாடகர் யங் தக்கின் வழக்கில் பாட்டு வரிகளையே சாட்சியமாக வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நாங்கள் இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறோம். நிறுத்தச் சொல்லிவிடலாமா?

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள். பாட்டு எழுதினான் என்பதற்காக மட்டும் உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவரைச் சிறையில் போட முடியாது. ஆனாலும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வேறு ஏதோ ஒரு வழக்கில் பெயர் அடிபட்டுவிட்டால், அதுவரை விளையாட்டாக எழுதியதெல்லாம் அந்த வழக்கோடு சேர்த்துப் படிக்கப்படும். அவன் நோட்டை விட்டுவிடுங்கள், அதைச் சுற்றி நடப்பதில் கவனம் வையுங்கள். யங் தக் வழக்கைப் பற்றிப் பாதிக் கதைதான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவருடைய இயற்பெயர் ஜெஃப்ரி லமார் வில்லியம்ஸ். 1991ல் அட்லாண்டாவில் பிறந்தவர், 11 பிள்ளைகளில் பத்தாவது. ஜோன்ஸ்பரோ சவுத் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். 2013ல் கூச்சி மேன் என்ற மூத்த அட்லாண்டா ராப்பர் அவரைத் தன் 1017 என்ற லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், சேர்த்துக்கொண்டார். 2016ல் தக் தானே ஒய்எஸ்எல் என்ற லேபிளைத் தொடங்கினார். 2019ல் அவருடைய 'சோ மச் ஃபன்' ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதே ஆண்டு கிராமியில் ஆண்டின் சிறந்த பாடல் விருது வாங்கிய 'திஸ் இஸ் அமெரிக்கா'வை எழுதியவர்களில் இவரும் ஒருவர்.

அவர் பாடுவதை ஒருமுறையாவது கேளுங்கள். சொல்லை இழுப்பார், விழுங்குவார், திடீரென்று கீச்சிடுவார். பாதி இடங்களில் சொல் வருவது ஓசைக்காகத்தான், பொருள் அப்புறம்தான். அந்தக் குரலையும் தாளத்தையும் எடுத்துவிட்டு, வெறும் எழுத்தாகத் தாளில் அச்சடித்து, ஓர் அரசு வழக்கறிஞர் ஜூரி முன்னால் வாசித்தால் எப்படி இருக்கும்? உங்கள் மகன் எழுதியதையும் அப்படி ஒருமுறை உரைநடையாக வாசித்துப் பாருங்கள். கோர்ட்டில் அது எப்படிக் கேட்கும் என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

2022 மே 9 அன்று யங் தக்கைக் கைது செய்தார்கள். அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுன்ட்டியில் பதிவான குற்றப்பத்திரிகையில் அவரோடு சேர்த்து 28 பேர். ஒய்எஸ்எல் என்பது வெறும் இசை லேபிள் இல்லை, 2012லிருந்து இயங்கும் தெருக் கும்பல் என்பது அரசுத் தரப்பின் வாதம். 2015ல் நடந்த ஒரு கொலைக்குப் போன கார், தக் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தது என்றும் சொன்னார்கள். அவர் சுட்டார் என்று யாரும் சொல்லவில்லை. கொலைக் குற்றச்சாட்டும் அவர் மேல் இல்லை.

இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ரீகோ என்ற சட்டம் ஜார்ஜியாவில் 1980லிருந்து இருக்கிறது. பலர் சேர்ந்து ஓர் அமைப்பாகக் குற்றம் செய்வதைத் தண்டிக்க வந்தது. இதில் சதி என்று நிரூபிக்க, அந்தச் சதிக்கு உதவிய செயல்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு செயலும் தனியாகக் குற்றமாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அப்படித்தான் பாட்டு வரிகளும் சமூக ஊடகப் பதிவுகளும் அந்தக் குற்றப்பத்திரிகைக்குள் வந்தன. ஜார்ஜியாவின் கேங் சட்டம், அதாவது தெருக் கும்பல்களுக்கு எதிரான சட்டம், இன்னும் கூர்மையானது. மூன்று பேர் இருந்தாலே போதும், அது குழுதான் என்று காட்டப் பொதுப் பெயர், கைச் சைகை, பச்சை குத்தியது, உடை இவற்றையெல்லாம் சாட்சியமாக வைக்கலாம். உங்கள் மகனின் குழுவில் ஐந்து பேர், ஒரு பெயர், ஒருவேளை கைச் சைகையும் இருக்கலாம். பயப்படாதீர்கள், அது மட்டும் குற்றமே இல்லை. அந்தக் குழு குற்றச் செயலில் ஈடுபட்டது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். ஆனால் ஐவரில் ஒருவன் உண்மையிலேயே போதைப்பொருள் விற்கிறான், துப்பாக்கியோடு திரிகிறான் என்றால், மற்ற நால்வரின் பாட்டுக்கும் வேறு அர்த்தம் வந்துவிடும்.

பேச்சுரிமை காப்பாற்றாதா என்று பலர் கேட்கிறார்கள். பேசியதற்குத் தண்டனை கொடுக்கக் கூடாது என்றுதான் அந்த உரிமை சொல்கிறது. பேசியதை, வேறொரு குற்றத்துக்கான நோக்கத்தைக் காட்டும் சாட்சியமாக வைப்பதை அது தடுக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993லேயே இதைச் சொல்லிவிட்டது. யங் தக் வழக்கில் 2023 நவம்பரில், 17 இடங்களில் வரும் வரிகளை நிபந்தனையோடு அனுமதித்தார் நீதிபதி. வழக்கோடு தொடர்பு இருப்பதை அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. அவருடைய வழக்கறிஞர் பிரையன் ஸ்டீல், 'தக்' என்ற பெயருக்கே கடவுளுக்குக் கீழே உண்மையான பணிவோடு இருப்பவன் என்றுதான் விரிவு என்று ஜூரியிடம் சொன்னார். ஆங்கிலத்தில் ரவுடி என்று பொருள்படும் நான்கு எழுத்துப் பெயர் ஒன்றுக்கே இரண்டு தரப்பும் இரண்டு அர்த்தம் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

வரிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட வேதனையான வழக்கு லூசியானாவில் நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் ராப்பர் மக்கின்லி 'மேக்' ஃபிப்ஸ். 2000 பிப்ரவரியில் ஸ்லைடெல் ஊரில் அவர் பாட இருந்த கிளப்பில் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபிப்ஸ் மேல் அதற்கு முன் ஒரு வழக்கு கிடையாது. அவர்தான் சுட்டார் என்று காட்டும் தடயப் பொருளும் இல்லை. நான்தான் சுட்டேன் என்று வேறொருவர் ஒப்புக்கொண்டும் போலீஸ் ஏற்கவில்லை. ஃபிப்ஸ் தன் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். என்னிடம் வம்பு வைத்துக்கொண்டால், வியட்நாம் போருக்குப் போய் வந்த என் அப்பா உன் மண்டையில் குண்டு போடுவார் என்கிற மாதிரி ஒரு வரி அதில் வரும். அரசு வழக்கறிஞர் அந்த வரியிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டார். மிச்சமிருந்த மிரட்டலை, வேறொரு பாட்டில் வரும் கொலை என்ற சொல்லோடு ஒட்டி, இரண்டும் ஒரே பாட்டு மாதிரி ஜூரியிடம் சொன்னார். 12 பேரில் 10 பேர் குற்றவாளி என்றார்கள். அப்போது லூசியானாவில் அது போதும். 2001ல் 30 ஆண்டு தண்டனை விதித்தார்கள். ஆளுநரின் கருணையால் 2021ல்தான் வெளியே வந்தார். ஒரு மகன் தன் தகப்பனைப் பற்றிப் பெருமையாக எழுதிய வரி அது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

யங் தக்கின் விசாரணை ஜார்ஜியா வரலாற்றிலேயே நீளமானது. ஜூரியைத் தேர்ந்தெடுக்கவே ஏறக்குறைய பத்து மாதம் ஆனது. நடுவில் நீதிபதியும் மாறினார். ஜாமீன் கிடைக்காமல் இரண்டரை ஆண்டு உள்ளேயே இருந்தார். கடைசியில் 2024 அக்டோபர் 31 அன்று கேங், போதைப்பொருள், ஆயுதம் தொடர்பான ஆறு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். ரீகோ சதி உட்பட இன்னும் இரண்டை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அரசுத் தரப்போடு பேரம் படியாததால் முடிவை நீதிபதியிடமே விட்டுவிட்டார். இருந்த சிறைக்காலமே போதும் என்று சொல்லி 15 ஆண்டு புரொபேஷன், அதாவது சிறைக்கு வெளியே நிபந்தனைகளோடு கண்காணிப்பு, கொடுத்தார் நீதிபதி. அதை மீறினால் இன்னும் 20 ஆண்டு சிறை. முதல் 10 ஆண்டு அட்லாண்டா பகுதிக்குள்ளேயே வரக் கூடாது, வீட்டுக் கல்யாணம், சாவு மாதிரி விஷயங்களுக்கும், ஆண்டுக்கு நான்கு முறை பிள்ளைகளிடம் கேங்குக்கும் துப்பாக்கிக்கும் எதிராகப் பேசுவதற்கும் தவிர. கடைசி வரை போராடிய இரண்டு பேரைக் கொலை, கேங் குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி விடுவித்துவிட்டது. ஒருவருக்கு ஒரு துப்பாக்கிக் குற்றம் மட்டும் நின்றது. அதாவது, அத்தனை வரிகளைச் சாட்சியமாக வைத்த அந்த வழக்கிலும் ஜூரியின் முடிவில் நின்றது அந்த ஒரு துப்பாக்கிக் குற்றம்தான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். முதலில் கார். வாடகைக் காரோ வீட்டுக் காரோ, தன் பெயரில் உள்ள வண்டியை நண்பனிடம் சாவியோடு கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். அடுத்தது வீடியோ. படப்பிடிப்பில் நிஜத் துப்பாக்கி கூடவே கூடாது, யாருடையதாக இருந்தாலும், லைசென்ஸ் இருந்தாலும். ஊரில் நிஜமாக நடந்த சண்டையையோ சாவையோ, இறந்தவர் பெயரையோ வரியில் கொண்டுவர வேண்டாம். துப்பாக்கி என்று பொதுவாக எழுதுவது கற்பனை என்று வாதாடலாம். இன்ன தெருவில், இன்ன நாளில், இன்னாரை என்று எழுதினால் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம். 2014ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் போட்ட கோடும் இதுதான்: குற்றத்துக்கும் வரிக்கும் பலமான தொடர்பு இருந்தால் ஒழிய வன்முறை வரிகளை ஜூரி முன் வைக்கக் கூடாது. அது ஜார்ஜியாவைக் கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியா 2022ல் கலைப் படைப்புகளைச் சாட்சியமாக வைப்பதைக் கடினமாக்கி ஒரு சட்டமே போட்டது. தக் வழக்கு நடந்த காலத்தில் ஜார்ஜியாவில் அப்படி ஒன்று கிடையாது.

எழுதும்போது வரும் வரைவுகளைத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யார் எந்த வரியை எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்பது பின்னால் உதவும். ராயல்டி பிரிக்கவும் அதே கணக்குதான் வேண்டும்.

போலீஸ் பேச வேண்டும் என்று கூப்பிட்டால் சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது போதாது. "நான் பதில் சொல்ல விரும்பவில்லை, எனக்கு வழக்கறிஞர் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2010ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இது முக்கியம். நம்மவர்கள் பெரியவர்களுக்கு மரியாதை என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்துவிடுவார்கள், நண்பனைக் காப்பாற்ற ஒரு பொய்யையும் சேர்த்துவிடுவார்கள். தக் வழக்கில் முக்கியச் சாட்சி ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் போலீஸிடம் சொன்னதெல்லாம் பொய் என்று கூண்டில் நின்று சொல்ல வேண்டி வந்தது. அன்றைக்குப் பேசியதன் பதிவு அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டுக்கு மிகப் பெரிய விஷயம் கிரீன் கார்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை என்றால் நாடு கடத்த அதுவே போதும். போதைப்பொருளும் அப்படித்தான். சொந்த உபயோகத்துக்காக 30 கிராமுக்கு மேல் போகாமல் கஞ்சா வைத்திருந்து, அதுவும் ஒரே ஒரு முறை என்றால் மட்டும் விலக்கு. அந்த விலக்கு இருந்தாலும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். அட்லாண்டா நகர எல்லைக்குள் கொஞ்சம் கஞ்சாவுக்கு 75 டாலர் அபராதம்தான் என்று பையன்கள் தைரியமாக இருக்கிறார்கள். மாநிலச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் விடுவது, நிரபராதி என்று சொல்லிக்கொண்டே தண்டனையை ஏற்பது, இவை இங்கே வழக்கை முடிக்கும் வழிகள். தக்கோடு கைதான கன்னா என்ற ராப்பர் 2022 டிசம்பரில் இரண்டாவது வழியில்தான் வெளியே வந்தார். அவர் மாதிரி குடியுரிமை உள்ளவருக்கு அது வசதி. குடியேற்றச் சட்டத்துக்கு இரண்டுமே தண்டனைதான். அதனால் எந்தச் சின்ன வழக்காக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இதைப் பற்றி எச்சரிப்பது கிரிமினல் வழக்கறிஞரின் கடமை என்று 2010லேயே தீர்ப்பு இருக்கிறது, நீங்களும் வாய் திறந்து கேளுங்கள்.

இந்த வார இறுதியில் அவன் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி முழுசாகக் கேளுங்கள். எந்த வரி யாரைப் பற்றியது என்று அவனே சொல்லட்டும். அந்த நான்கு நண்பர்களையும் ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள், அவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்புறம், கிரிமினல் வழக்கும் குடியேற்றமும் பார்க்கும் ஒரு வழக்கறிஞரின் எண்ணை அவன் போனிலும் உங்கள் போனிலும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.