சரி என்று அழுத்துவதும் ஒரு வேலையா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சப்ளையர்கள் அனுப்பும் பில்களைக் கொள்முதல் உத்தரவோடு ஒப்பிட்டு, கணக்கில் ஏற்றி, பணம் வழங்க அனுப்புவது என் பொறுப்பு. சென்ற ஆண்டு, பில்களைத் தானே படித்துப் பதிவு செய்யும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஏழு பேர் இருந்த பிரிவில் இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோம். மென்பொருள் பதிந்ததைத் திரையில் பார்த்து 'சரி' என்று அழுத்துவதே இப்போது என் வேலை. ஒரு நாளைக்கு 400 பில்கள் வருகின்றன. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும்போது, நான் வேலையில் இருக்கிறேன் என்று கணினித் திரையில் காட்டும், பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சைப் புள்ளி அணைந்துவிடக் கூடாது என்று சாப்பிடும் நேரத்தில்கூட மவுஸை அசைத்துக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம், எப்போதும் மாதக் கடைசியில் பில் அனுப்பும் ஒரு சப்ளையரிடமிருந்து 10ஆம் தேதியே பில் வந்தது. வங்கிக் கணக்கு எண்ணும் மாறியிருந்தது. எங்களிடமிருந்த பழைய தொலைபேசி எண்ணில் கேட்டபோது அது மோசடி என்று தெரிந்தது. அதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி நான் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகள் 'கோடிங் படி' என்கிறார்கள். மேலாளர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். 46 வயதில் நான் என்ன செய்வது? வேலையை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

'அதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தது அந்த 'அது'தான். அந்தப் பில்லில் மென்பொருள் தவறாகப் படித்தது எதுவும் இல்லை. தொகை, தேதி, கணக்கு எண் எல்லாவற்றையும் அச்சில் இருந்தபடியே பிழையில்லாமல் எடுத்துப் பதிந்திருக்கும். காகிதத்தில் இல்லாத ஒன்றுதான் உங்களை உறுத்தியது: இவர் 10ஆம் தேதி பில் அனுப்புகிறவர் இல்லையே என்பது. அதன்பின் நீங்கள் செய்தது இன்னும் முக்கியமானது. பில்லில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்ணை அழைக்காமல், உங்களிடம் முன்பிருந்தே இருந்த எண்ணை அழைத்தீர்கள். புதிய எண்ணை அழைத்திருந்தால் மோசடி செய்தவரே எடுத்து 'ஆமாம், கணக்கை மாற்றிவிட்டோம்' என்று சொல்லியிருக்கக்கூடும். இதை யாரும் உங்களுக்குப் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள், பழக்கத்தில் வந்தது.

ஆகவே, நீங்கள் இப்போது செய்வது வேலைதானா என்ற சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்த வேலை உங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடங்கள். 400 பில்கள் என்றால், மூச்சுவிடாமல் பார்த்தாலும் ஒன்றுக்கு 72 விநாடிதான் கிடைக்கும். பெரும்பாலான பில்கள் சரியாகவே இருக்கும். எங்கோ ஒன்றுதான் தவறாக இருக்கும். எப்போதோ வரும் தவறுக்காக நாள் முழுக்கக் கண்விழித்திருப்பது மனிதர்களுக்கு மிகக் கடினமானது என்பது ஒன்றும் புதிய செய்தியல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் ஆக ஆகக் குறிகளைத் தவறவிட்டது ஏன் என்று பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். எண்களே இல்லாத கடிகாரம் போன்ற ஒரு கருவியில் முள் விநாடிக்கு ஒரு முறை நகரும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவலாகத் தாவும். அந்தத் தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு கவனிப்பு தெளிவாகக் குறைந்துவிட்டது என்பதை 1948இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர், பொறுப்போடு உட்கார்ந்திருந்தவர்கள்தான். மாலையில் உங்களுக்குக் கண் சொருகினால் அதற்கு உங்கள் வயது காரணமில்லை.

இதன் தொடர்ச்சியாக, லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1983இல் ஒரு கட்டுரையில் இன்னொரு முரணைச் சுட்டிக்காட்டினார். எளிய பகுதியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அது தவறும் இடத்தில் மட்டும் மனிதன் தலையிட வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறோம். ஆனால் அன்றாடம் கைபடச் செய்யாததால் அந்த மனிதனின் திறமை மெல்ல மங்கிவிடுகிறது, தலையிட வேண்டிய நேரத்தில் கை வருவதில்லை என்றார் அவர். அவர் ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை மனத்தில் வைத்து எழுதியது உங்கள் மேசைக்கும் அப்படியே பொருந்துகிறது. நீங்கள் அந்தப் பில்லைப் பிடித்தது, பதினெட்டு ஆண்டுகள் கையால் பதிந்ததால் சேர்ந்த அறிவைக் கொண்டு. நாளைக்கே அந்த நாற்காலிக்குப் புதிதாக ஒருவர் வந்து முதல் நாளிலிருந்தே 'சரி' மட்டும் அழுத்தினால், அவருக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை உங்கள் நிறுவனம் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி, செய்ய வேண்டியது. மேலாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள்; பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். இவ்வகை மென்பொருள்கள் தாங்கள் படித்த ஒவ்வொரு விவரத்துக்கும், எவ்வளவு உறுதியாகப் படித்தோம் என்று ஒரு மதிப்பெண் போடுவது வழக்கம். அது எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் பில் மனிதரிடம் வர வேண்டும், அந்த வரம்பை யார் நிர்ணயித்தார்கள் என்று கேளுங்கள். 400 பில்களையும் ஒரே மாதிரி மேலோட்டமாகப் பார்ப்பதற்குப் பதிலாக, வங்கி விவரம் மாறியவை, முதன்முறையாக வரும் சப்ளையர்கள், பெரிய தொகைகள், மதிப்பெண் குறைந்தவை ஆகியவற்றைத் தனியே பிரித்து நிதானமாகப் பார்க்கிறேன், மற்றவற்றில் சிலவற்றை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். தணிக்கையாளர்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறைதான் இது; எந்த மேலாளரும் புரிந்துகொள்வார். கூடவே, வாரத்துக்குச் சில பில்களை மென்பொருளின் பதிவைப் பார்க்காமல் நீங்களே முதலிலிருந்து பதிந்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கையும் மறக்காது, மென்பொருள் எங்கே சறுக்குகிறது என்பதும் தெரியும்.

அந்தச் சறுக்கல்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். '03-04' என்பதை ஏப்ரல் 3 என்று எடுத்ததா, மார்ச் 4 என்று எடுத்ததா. ஒரே பில் இரண்டு முறை, எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் சேர்ந்து வந்தபோது இரண்டுக்கும் பணம் அனுப்பப் பார்த்ததா என்பது போன்றவை. நான்கு மாதம் எழுதினால், அந்த மென்பொருளை உங்கள் நிறுவனத்தில் உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் சொல்லும் கோடிங்கில் எனக்கு வெறுப்பில்லை. ஆசை இருந்தால் படியுங்கள். ஆனால் உங்கள் 19 ஆண்டுகளின் மேல் நின்று படிக்க வேண்டியதை விட்டுவிட்டு, இருபது வயதுக்காரர்களோடு முதல் படியில் போய் நிற்பதற்கு அவசரமில்லை.

வேலையே போய்விடுமோ என்ற பயத்தை நீங்கள் நேரடியாக எழுதவில்லை. ஏழு மூன்றானதை எழுதியதிலேயே அது இருக்கிறது. பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். பணம் வழங்கும் ஏடிஎம் 1967இல் லண்டனில் ஒரு வங்கிக் கிளையில் முதலில் வந்தபோதும் காசாளர்களின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அமெரிக்காவில் கிளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு குறைந்தது உண்மை. ஆனால் ஒரு கிளையை நடத்தும் செலவும் குறைந்ததால் கிளைகள் பெருகின, காசாளர்களின் மொத்த எண்ணிக்கை நெடுங்காலம் சரியவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவதும் சிக்கலைத் தீர்ப்பதும் அவர்கள் வேலையில் பெரும் பங்காயின. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். கைபேசியிலேயே வங்கி வேலை முடியத் தொடங்கிய பிறகு அந்த எண்ணிக்கையும் இறங்கத்தான் செய்தது. ஆகவே, உங்களுக்குக் கிடைத்திருப்பது கால அவகாசம். நோட்டைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதும் அதனால்தான்.

பச்சைப் புள்ளிக்கு வருகிறேன். தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை அளந்த ஃபிரடெரிக் டெய்லரின் முறை நூறாண்டுக்கு முன்பே பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆனால் அன்று ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் கண்ணெதிரே நின்றார். இன்று என்ன அளக்கிறார்கள் என்பதே அளக்கப்படுகிறவருக்குத் தெரியவில்லை. அந்தப் புள்ளியை யாராவது உண்மையில் பார்க்கிறார்களா, ஆண்டு மதிப்பீட்டில் அது சேர்கிறதா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் மவுஸை விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆம் என்று வந்தால், உணவு இடைவேளை அதில் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டத்தில் கொண்டுவந்தன. இப்படிச் சட்டம் இல்லாத நாடுகளில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மீதமுள்ள இரண்டு சக ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் குரலுக்கு எடை கூடும்.

மேலாளரின் வயதைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகமில்லை. பில்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்பதை அவரும் உள்ளூர உணர்ந்திருப்பார். அவரைத் திணறடிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

வேலையை விடுவதா என்பதற்கு என்னிடம் ஓர் உரைகல் இருக்கிறது. ஒரு தவறான பில் உங்கள் கையைத் தாண்டிப் போய்ப் பணம் இழக்க நேர்ந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள்தான் என்றால், சந்தேகம் வந்த பில்லை யாரையும் கேட்காமல் நிறுத்திவைக்கும் அதிகாரமும், அதைப் பார்க்கத் தேவையான நேரமும் உங்களுக்கு எழுத்தில் வேண்டும். பொறுப்பை மட்டும் உங்கள் தலையில் வைத்து, அதிகாரத்தைத் தர மறுத்து, 400 என்ற எண்ணிலிருந்தும் இறங்க மாட்டோம் என்றால், அங்கே நீங்கள் பழியை ஏற்க மட்டும் வைக்கப்பட்டிருக்கிறீர்கள். அப்போது வெளியே தேடத் தொடங்குங்கள். வேறு வேலை கைக்கு வரும்வரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். மோசடித் தடுப்பு, உள் தணிக்கை, சப்ளையர் விவரங்களைச் சரிபார்க்கும் பிரிவு ஆகிய இடங்களில் உங்களைப் போன்றவர்களுக்குத் தேவை இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த மோசடிப் பில்லைப் பற்றி நீங்கள் யாருக்காவது எழுத்தில் தெரிவித்தீர்களா? கடிதத்தைப் பார்த்தால், வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு அடுத்த பில்லுக்குப் போயிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பில் வந்த தேதி, தொகை, மென்பொருள் அதற்குக் கொடுத்த மதிப்பெண், உங்களுக்குச் சந்தேகம் வந்த காரணம், நீங்கள் அழைத்த எண், கிடைத்த பதில் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி இந்த வாரமே மேலாளருக்கு அனுப்புங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கமும் அதுவாகவே இருக்கட்டும்.